கேம் பாய்க்குள்ளேயே மிடி: ஆர்டுயினோ ப்ரோ மினியைப் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

1989இல் நின்டெண்டோ வெளியிட்ட முதல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் நான்கு ஒலிச் சேனல்கள் உண்டு. இரண்டு பல்ஸ், ஒன்று வேவ், ஒன்று நாய்ஸ். இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு இன்றும் உலகம் முழுக்கப் பலர் இசை அமைக்கிறார்கள். யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய எல்எஸ்டிஜே, ஆலிவர் விட்சோவ் எழுதிய நானோலூப் ஆகிய இரண்டும் அந்த உலகத்தின் முக்கியமான மென்பொருட்கள்.

ஒரே சிக்கல், இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியான மிடி கேம் பாய்க்குத் தெரியாது. கீபோர்டு, டிரம் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் மிடியில் பேசிக்கொள்ளும்போது கேம் பாய் மட்டும் தன் லிங்க் போர்ட் (இன்னொரு கேம் பாயை இணைக்கும் சாக்கெட்) வழியாக வேறு மொழியில் பேசும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்காக டிமதி லாம்ப் எழுதியதுதான் ஆர்டுயினோபாய் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லுக்குள் ஓடும் மென்பொருள். வழக்கமாக அந்தச் சில்லை ஒரு தனிப் பெட்டியில் போட்டு, லிங்க் கேபிளால் கேம் பாயோடு இணைப்பார்கள். மேடையில் அந்தக் கேபிள் சற்று அசைந்தாலே தாளம் நின்றுவிடும். அந்தப் பெட்டியையும் கேபிளையும் ஒழித்துவிட்டு, மைக்ரோகண்ட்ரோலரை கேம் பாயின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் இந்த வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கன்சோல்களில் பூட்டை உடைப்பதற்காகப் பொருத்தும் சில்லு வேறு, இது வேறு. இங்கே எந்தப் பாதுகாப்பையும் நாம் தொடப்போவதில்லை. கேம் பாயின் சொந்த லிங்க் போர்ட்டில் இருக்கும் கம்பிகளையே பயன்படுத்துகிறோம். வேண்டாம் என்றால் ஐந்து கம்பிகளைக் கழற்றினால் போதும், கருவி பழையபடி ஆகிவிடும். அப்படித் திரும்ப எடுக்கக்கூடியதாகவே இந்த வேலையைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முப்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் ஒரு கருவியின் பலகையில் தடங்களை வெட்டுவதற்கு இந்த வேலையில் எந்தத் தேவையும் இல்லை.

எந்த போர்டு?

ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகையையே பரிந்துரைக்கிறேன். ஏடிமெகா328பி சில்லு கொண்டது. அளவு 18 மி.மீ.க்கு 33 மி.மீ. யுஎஸ்பி சாக்கெட் இல்லாததால் தட்டையாக இருக்கும். வாங்கும்போது 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் வகைதானா என்று பாருங்கள். பார்வைக்கு அச்சாக அதேபோல 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகையும் விற்கிறது. கேம் பாயின் சிக்னல்கள் 5 வோல்ட். அதனால் அந்த இரண்டாவது வகை இங்கே ஆகாது. ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற 3.3 வோல்ட் போர்டுகளையும் இதே காரணத்தால் நேராக இணைக்கக்கூடாது. நடுவில் வோல்டேஜை மாற்றும் சுற்று ஒன்று வேண்டியிருக்கும், அதற்கு உள்ளே இடமும் வேண்டும்.

யுஎஸ்பி மிடி வேண்டும் என்பதற்காக ஏடிமெகா32யு4 போர்டை உள்ளே வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. கம்ப்யூட்டரின் கிரவுண்ட், அதாவது 0 வோல்ட் இணைப்பு, நேராக கேம் பாயின் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். அப்புறம் ஆடியோ கேபிளையும் அதே கம்ப்யூட்டரிலோ மிக்சரிலோ சொருகினால் ஓர் இரைச்சல் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய மிடி முறையில் ஆப்டோகப்ளர் என்ற சில்லு இரண்டு பக்கத்தையும் மின்சாரரீதியாகப் பிரித்து வைக்கிறது. உள்ளே போகும் தகவல் ஒளியாகத் தாண்டுகிறது, கம்பித் தொடர்பே கிடையாது. இசைக்காகச் செய்கிற வேலை என்பதால் இந்தப் பிரிவினை எனக்கு முக்கியம்.

சேர்த்து வைக்கவேண்டியவை

ப்ரோ மினி தவிர, 6என்138 ஆப்டோகப்ளர் ஒன்று, 1என்4148 டயோடு ஒன்று, ரெசிஸ்டர்களில் 220 ஓம் ஒன்று, 270 ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் மூன்று, 10 கிலோ ஓம் இரண்டு. 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 10 அல்லது 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சின்ன புஷ் பட்டன், உடலில் பொருத்தும் வகை 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக், 30 ஏடபிள்யூஜி மெல்லிய கம்பி, காப்டன் டேப், ஃப்ளக்ஸ், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்.

கருவிகளில் மூன்று கிளை கொண்ட ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் கட்டாயம் வேண்டும். வேறு ஏதாவது முனையை வைத்து அழுத்தித் திருகினால் தலை தேய்ந்து திருகு வெளியே வராமல் போய்விடும். உள்ளே இருப்பவை சாதாரண ப்ளஸ் திருகுகள்தான். மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்கவேண்டாம். புரோகிராம் ஏற்ற 5 வோல்ட் நிலையில் வைக்கக்கூடிய யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றும் வேண்டும்.

கடைசியாக, ஒரு மாற்று உடல். கேம் பாய்க்குப் புதிதாகத் தயாரித்த பிளாஸ்டிக் உடல்கள் கிடைக்கின்றன. துளை போடுவதை அதில் போடுங்கள், அசல் உடலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

முதலில் மேசைமேல்: புரோகிராம்

போர்டை உள்ளே வைத்துவிட்டுப் புரோகிராம் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். கையில் தனியாக இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். அடாப்டரை ப்ரோ மினியின் ஓரத்தில் இருக்கும் ஆறு துளைகளோடு இணைத்து, ஆர்டுயினோ மென்பொருளில் போர்டு வகையாக ப்ரோ மினியையும், சில்லு வகையாக 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் ஏடிமெகா328பியையும் தேர்ந்தெடுத்து ஆர்டுயினோபாய் கோடை ஏற்றவும். அந்த ஆறு துளைகளிலும் பின் வரிசையை சால்டர் செய்யவேண்டாம், உயரம் கூடிவிடும். பின் வரிசையைத் துளைகளில் நுழைத்து, லேசாகச் சாய்த்துப் பிடித்தாலே ஏற்றுவதற்குப் போதுமான தொடர்பு கிடைக்கும்.

ஏற்றியபின் போர்டின் பவர் எல்இடியை எடுத்துவிடலாம். மூடிய உடலுக்குள் அது எரிந்து பயனில்லை, பேட்டரிதான் வீண்.

மிடி நுழைவுச் சுற்று

இதைத் தனியாக ஒரு சின்னத் துண்டு பலகையில் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து பின் கொண்ட பெரிய மிடி சாக்கெட்டுக்கு கேம் பாயில் இடமில்லை. அதனால் 3.5 மி.மீ. ஜாக்கை வைத்து, 2018இல் மிடி உற்பத்தியாளர்கள் சங்கம் தரப்படுத்திய ‘ஏ’ வகை இணைப்பையே பின்பற்றுவோம். அப்போது கடையில் கிடைக்கும் சாதாரண மாற்றுக் கேபிளே வேலை செய்யும்.

ஜாக்கின் நடு வளையம், அதாவது ரிங், பழைய சாக்கெட்டின் 4ஆம் பின்னுக்குச் சமம். அதிலிருந்து 220 ஓம் வழியாக ஆப்டோகப்ளரின் 2ஆம் காலுக்குப் போகவேண்டும். ஜாக்கின் நுனி, அதாவது டிப், 5ஆம் பின்னுக்குச் சமம். அது நேராக ஆப்டோகப்ளரின் 3ஆம் காலுக்கு. டயோடை 2, 3ஆம் கால்களுக்குக் குறுக்கே வையுங்கள், கறுப்புப் பட்டை 2ஆம் கால் பக்கம் இருக்கட்டும். தலைகீழாக மின்சாரம் வந்தால் ஆப்டோகப்ளரைக் காப்பது இந்த டயோடுதான். ஜாக்கின் வெளி உறையை எதோடும் இணைக்கவேண்டாம். அதை கேம் பாயின் கிரவுண்டில் சேர்த்தால் ஆப்டோகப்ளர் வைத்ததன் பயனே போய்விடும்.

மறுபக்கத்தில் 5ஆம் கால் கிரவுண்டுக்கு, 8ஆம் கால் ப்ரோ மினியின் டிஜிட்டல் 4ஆம் பின்னுக்கு, 6ஆம் கால் ப்ரோ மினியின் ஆர்எக்ஸ் பின்னுக்கு. 6ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் நடுவே 270 ஓம். 8க்கும் 5க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட்.

8ஆம் காலை நேராக 5 வோல்ட்டில் கொடுக்காமல் ஏன் ஒரு டிஜிட்டல் பின் வழியாகக் கொடுக்கவேண்டும்? ப்ரோ மினி ஆன் ஆனதும் சிறிது நேரம் பூட்லோடர் ஓடும். அது புதிய புரோகிராம் ஏதும் வருகிறதா என்று அதே ஆர்எக்ஸ் பின்னைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மிடி கிளாக் பாய்ந்து வந்தால் அது குழம்பக்கூடும். ஃபர்ம்வேர் ஓட ஆரம்பித்து 4ஆம் பின்னை உயர்த்தும்வரை ஆப்டோகப்ளருக்கு மின்சாரமே இல்லை என்பதால் அந்தச் சிக்கல் எழாது. மிடி சிக்னல் தாழ்ந்திருக்கும்போது 270 ஓம் வழியாக ஓடுவது ஏறக்குறைய 18 மில்லி ஆம்பியர். ஒரு பின் தாங்கக்கூடிய அளவுதான்.

கேம் பாயைத் திறத்தல்

பேட்டரிகளையும் கேட்ரிஜையும் எடுத்துவிடுங்கள். பின்புறத்தில் நான்கு திருகுகள், பேட்டரி அறைக்குள் இரண்டு. ஆறும் வந்தபின் இரண்டு பாதிகளையும் புத்தகம்போல மெதுவாக விரியுங்கள், பிய்க்காதீர்கள். முன்பாதியில் திரைப் பலகையும் பின்பாதியில் மெயின்போர்டும் இருக்கும், இரண்டையும் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கும். அதை மெயின்போர்டு பக்கத்தில் சாய்க்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும். இந்த ஒரு கேபிள் கிழிந்தால் சரிசெய்வது பெரும்பாடு. இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

பின் மெயின்போர்டின் திருகுகளை எடுத்து, லிங்க் போர்ட்டின் ஆறு சால்டர் புள்ளிகள் தெரியும் பக்கத்தை மேலே திருப்பிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி கசிந்த பச்சைப் படிவு எங்காவது இருந்தால் இப்போதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

லிங்க் போர்ட்டில் எது எது?

இணையத்தில் கிடைக்கும் படங்கள் சில பிளக்கைப் பார்த்து வரைந்தவை, சில சாக்கெட்டைப் பார்த்து வரைந்தவை. பலகையைத் திருப்பினால் இடமும் வலமும் மாறிவிடும். அதனால் படத்தை நம்பாமல் மீட்டரை நம்பும் வழியைச் சொல்கிறேன்.

ஆறு புள்ளிகளும் மும்மூன்றாக இரண்டு வரிசை. ஒற்றை எண்கள் 1, 3, 5 ஒரு வரிசையிலும், இரட்டை எண்கள் 2, 4, 6 அடுத்த வரிசையிலும் இருக்கும். 6 என்பது கிரவுண்ட். மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் போர்ட்டின் உலோகக் கூட்டிலும் மறுமுனையை ஆறு புள்ளிகளில் ஒவ்வொன்றிலும் வையுங்கள். பீப் அடிப்பது 6. அதற்கு மூலைவிட்டமாக, எதிர் மூலையில் இருப்பது 1, அதாவது 5 வோல்ட். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மீதி தானாகவே வந்துவிடும்:

1ஆம் புள்ளியின் வரிசையில் நடுவில் இருப்பது 3. கேம் பாய் தகவலை வாங்கும் கம்பி.
அதே வரிசையின் கடைசியில் இருப்பது 5. கிளாக்.
1க்கு நேர் எதிரே அடுத்த வரிசையில் இருப்பது 2. கேம் பாய் தகவலை அனுப்பும் கம்பி.
4ஆம் புள்ளி நமக்குத் தேவையில்லை.

மற்றக் கம்பிகளும் ஓய்வு நிலையில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டக்கூடும். ஆகவே வெறும் வோல்டேஜை அளந்து 1ஆம் புள்ளியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். கிரவுண்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

கம்பிகள்

ஐந்து புள்ளிகளிலும் சிறிது ஃப்ளக்ஸ் தடவி, 330 டிகிரி செல்சியஸ் அளவில் சால்டர் அயனை வைத்து, கம்பியைத் தொட்டு எடுங்கள். ஒரு புள்ளியில் ஓரிரு விநாடிக்குமேல் சூடு நிற்கவேண்டாம். கிரவுண்ட் புள்ளி மட்டும் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சற்றுக் கூடுதல் சூடு கேட்கும்.

புள்ளி 1 ப்ரோ மினியின் விசிசி பின்னுக்கு. ரா என்று எழுதிய பின்னுக்கு அல்ல! ரா வழியாகப் போனால் போர்டின் ரெகுலேட்டரைத் தாண்டும்போது வோல்டேஜ் குறையும். ஏற்கனவே சீரான 5 வோல்ட் நம்மிடம் இருக்கும்போது அது தேவையில்லை. புள்ளி 6 கிரவுண்டுக்கு. விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, போர்டுக்கு அருகிலேயே அந்த 10 அல்லது 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மைக்ரோகண்ட்ரோலரின் இரைச்சல் கேம் பாயின் ஆடியோவில் கசிவதை இது ஓரளவு தடுக்கும்.

புள்ளி 5, கிளாக், அனலாக் 0க்கு. புள்ளி 3 அனலாக் 1க்கு. புள்ளி 2 அனலாக் 2க்கு. இந்த மூன்று கம்பிகளிலும் தலா ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை நடுவில் சேர்த்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் உள்ளேயே நிரந்தரமாக இருக்கும் போர்டுக்கு இது அவசியம் என்று நினைக்கிறேன். நீங்கள் வேறொரு விளையாட்டைப் போட்டால் கேம் பாய் தானே கிளாக்கை ஓட்ட முயலலாம், அதே கம்பியை ஃபர்ம்வேரும் ஓட்டிக்கொண்டிருக்கும். ஒன்று 5 வோல்ட், இன்னொன்று 0 என்று முட்டிக்கொண்டாலும், 1 கிலோ ஓம் இருந்தால் ஓடுவது அதிகபட்சம் 5 மில்லி ஆம்பியர்தான். ஈடு கிடைக்காத அந்தப் பழைய சில்லுக்கு இது ஒரு மலிவான காப்பு.

பட்டன்: ஒரு கால் 5 வோல்ட்டுக்கு, மறுகால் டிஜிட்டல் 3க்கு. 3ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இதை அழுத்தினால் ஆர்டுயினோபாயின் நிலை மாறும். எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க 8 முதல் 13 வரையுள்ள பின்களில் எல்இடிகள் வைக்க ஃபர்ம்வேரில் ஏற்பாடு உண்டு. உள்ளே ஆறு எல்இடிக்கு இடம் தேடி அலைவதைவிட, ஒன்றோ இரண்டோ போதும் என்று விட்டுவிடலாம்.

மூடுவதற்கு முன் சோதனை

இந்தக் கட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் முழு வேலையின் பலனும் இதில்தான் இருக்கிறது. மூடியபின் தெரியும் ஒரு குறையைத் தேட, எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டும்.

முதலில் பேட்டரி இல்லாமல், விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளையும் அப்படியே. பின் மெயின்போர்டைப் பின்பாதியில் திருகி, ரிப்பனைச் சொருகி, ப்ரோ மினி வெளியே தொங்கும்படி விட்டுப் பேட்டரி போட்டு ஆன் செய்யுங்கள். திரை வழக்கம்போல வரவேண்டும். ப்ரோ மினியின் விசிசியில் 5 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். திரை மங்கினால் அல்லது ஸ்பீக்கரில் புதிய இரைச்சல் கேட்டால் உடனே அணைத்துவிட்டு 5 வோல்ட் கம்பியைச் சரிபாருங்கள்.

ஒலிச் சோதனைக்கு எல்எஸ்டிஜேயைவிட எம்ஜிபி நல்லது. அதுவும் டிமதி லாம்ப் எழுதியதுதான், கேம் பாயை ஒரு மிடி சிந்தசைசராகவே மாற்றிவிடும். நாமே மென்பொருளை ஏற்றக்கூடிய ஃபிளாஷ் கேட்ரிஜில் போட்டு, ஆர்டுயினோபாயையும் அந்த நிலைக்கு மாற்றுங்கள். மிடி சேனல் 1இல் ஒரு சுரம் அனுப்பினால் முதல் பல்ஸ், 2இல் இரண்டாவது பல்ஸ், 3இல் வேவ், 4இல் நாய்ஸ் ஒலிக்கவேண்டும். நான்கும் வந்தால் மிடி நுழைவு, கிளாக், தகவல் வாங்கும் கம்பி மூன்றுமே சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும்.

ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஜாக்கின் நுனியும் வளையமும் இடம் மாறியிருக்கும். உங்கள் மாற்றுக் கேபிள் நுனியும் வளையமும் இடம் மாறிய ‘பி’ வகையாக இருந்தாலும் இதே அறிகுறிதான். சுரங்கள் விட்டுவிட்டு வந்தால் அல்லது அடைத்துக்கொண்டு ஓயாமல் ஒலித்தால், 6என்138இன் 7ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் நடுவே இரண்டாவது 10 கிலோ ஓமை வையுங்கள். அந்தச் சில்லு அணைவதில் கொஞ்சம் மந்தமானது. மிடியின் விநாடிக்கு 31,250 பிட் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க இந்த ரெசிஸ்டர் உதவும்.

அடுத்து எல்எஸ்டிஜே. அதன் ப்ராஜெக்ட் திரையில் சிங்க் என்ற வரியை வெளிக் கருவியைப் பின்தொடரும் நிலைக்கு மாற்றுங்கள். பதிப்பைப் பொறுத்து அதன் பெயர் மாறும். மிடி கிளாக் ஒரு கால் சுரத்துக்கு 24 துடிப்பு வீதம் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஃபர்ம்வேர் கிளாக் கம்பியை எட்டு முறை ஆட்டும். கேம் பாய்க்கு அது ஒரு முழு பைட், எல்எஸ்டிஜே அதை ஓர் அடியாக எடுத்துக்கொள்ளும். கிளாக்கை அனுப்பும் கருவியில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாட்டும் கூடவே ஓடவேண்டும், திக்கக்கூடாது.

உள்ளே இடம்பிடித்தல்

எங்கே வைப்பது என்பது நீங்கள் வாங்கிய மாற்று உடலையும் வேறு மாற்றங்களையும் பொறுத்தது. பேக்லைட் போட்ட கேம் பாயில் முன்பக்க இடம் இன்னும் குறைவு. உத்தேசமாக நினைக்கும் இடத்தில் ஒரு களிமண் உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, உடலைத் திருகாமல் மூடித் திறந்து பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் உயரம். ப்ரோ மினியும் காப்டன் டேப்பும் அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்கவேண்டும். ஆப்டோகப்ளர் உயரமானது என்பதால் அதன் கால்களை விரித்துத் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

கேட்ரிஜ் நுழையும் வழி, ஸ்பீக்கர், பட்டன்களின் பின்புறம், இந்த மூன்றையும் ஒட்டி எதையும் வைக்கவேண்டாம். போர்டின் இரண்டு பக்கமும் காப்டன் டேப் சுற்றி, இரட்டைப் பக்க ஃபோம் டேப்பால் ஒட்டுங்கள். ஹாட் க்ளூ வேண்டாம், பிறகு எடுப்பது கஷ்டம். அந்த ஆறு புரோகிராம் துளைகள் மேலே பார்த்து இருக்கட்டும்.

ஜாக்குக்குப் பொதுவாக 6 மி.மீ. துளை போதும், ஆனாலும் உங்கள் ஜாக்கின் கழுத்தை அளந்தபின் துளையிடுங்கள். 2 மி.மீ. துளையில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிதாக்கினால் பிளாஸ்டிக் பிளக்காது. கீழே இருக்கும் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அதோடு பக்கத்தில் ‘மிடி’ என்று எழுதி ஒட்டுங்கள். மேடை இருட்டில் ஹெட்ஃபோன் கேபிளும் மிடி கேபிளும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கம்பிகளுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இரண்டு பாதிகளையும் விரிக்கும்போது எந்தக் கம்பியும் இழுபடக்கூடாது. திருகும் தூண்களின் மேல் கம்பி கிடக்கக்கூடாது. மூடும்போது எங்காவது எதிர்ப்பு தெரிந்தால் அழுத்தாமல் திறந்து பாருங்கள். திருகுகளை இறுக்குவதற்கு முன் இன்னொரு தடவை எம்ஜிபியில் நான்கு சேனலையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பொருத்தியபின்

கருவி ஆனில் இருக்கும்போது வெளி லிங்க் போர்ட்டில் இன்னொரு கேம் பாயை இணைக்காதீர்கள். உள்ளே ப்ரோ மினி அதே கம்பிகளில் உட்கார்ந்திருக்கிறது. இருவர் ஆட்டமும் ஆடவேண்டும் என்பவர்கள் கிளாக், தகவல் கம்பிகள் மூன்றையும் துண்டிக்கும் சின்ன ஸ்லைடு சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னாளில் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டிவந்தால், மிடி கேபிளைக் கழற்றிவிட்டு, அடாப்டரின் 5 வோல்ட் கம்பியை இணைக்காமல் மற்றவற்றை மட்டும் இணைத்து, கேம் பாயை அதன் பேட்டரியிலேயே ஆன் செய்து ஏற்றுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் 5 வோல்ட் வந்தால் அது கேம் பாயின் பவர் சுற்றுக்குள் பின்வழியாக ஏறும். நீண்ட நாள் எடுத்து வைப்பதென்றால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.

இதே முறையில் கேம் பாய் பாக்கெட்டிலும் கேம் பாய் கலரிலும் செய்யலாம் என்றாலும் அவற்றின் உடல் மெலிது. முதல் முயற்சிக்கு இந்தப் பெரிய, தடித்த பழைய கேம் பாய்தான் வசதி.